சேமித்த வலைப்பக்கம் சரியாகத் திறக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இணையம் இருக்கும்போது ஒரு பக்கத்தைச் சேமித்து வைக்கிறோம். இணையம் இல்லாத நேரத்தில் திறந்தால் பக்கம் வெறுமையாக இருக்கிறது, அல்லது படங்களைக் காணோம், அல்லது தமிழ் எழுத்துகள் எல்லாம் பொருளற்ற குறிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. மூலப் பக்கத்துக்குப் போய்ப் பார்க்கவும் அப்போது வழியில்லை. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ, அதற்குரிய தலைப்பைத் தேடி நேராக அங்கே போகலாம். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

## எதற்கும் முன்னால்: இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்

சேமித்த கையோடு கோப்பைத் திறந்து பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். கோளாறு தொடங்குவது அங்கேதான். கணினி இணையத்தில் இருக்கும்வரை, கோப்பில் விடுபட்ட படங்களையும் எழுத்துருக்களையும் உலாவி மூலத் தளத்திலிருந்தே எடுத்துக் காட்டிவிடும். நம் கண்ணுக்கு எல்லாம் நம்மிடம் இருப்பது போலத் தெரியும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஓர் இலக்கணப் பாடத் தொடரின் நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகச் சேமித்தேன். ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்க்கவும் செய்தேன். ஒன்றரை ஆண்டு கழித்து அந்தத் தளம் நின்றுபோனது. அதற்குப் பிறகு திறந்தால், பாடத்தின் உயிரான விளக்கப் படங்களில் ஒன்றுகூட இல்லை. படம் இருந்த இடங்களில் எல்லாம் வெற்றுக் கட்டங்கள். சேமித்த அன்றைக்கே இணையத்தை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்திருந்தால் தெரிந்திருக்கும். மூலப் பக்கம் உயிரோடு இருந்ததால் அன்றைக்கே சரிசெய்தும் இருக்கலாம்.

ஆகவே சோதனை இதுதான். கைபேசியானால் விமானப் பயன்முறையைப் போடுங்கள். கணினியானால் வைஃபையை அணையுங்கள், கம்பி இணைப்பு இருந்தால் கழற்றுங்கள். பிறகு, சேமித்த உலாவியிலேயே திறக்காமல் வேறொரு உலாவியிலோ மறைநிலைச் சாளரத்திலோ கோப்பைத் திறங்கள். உலாவி தன் தற்காலிக நினைவில் படங்களைச் சில நாள் வைத்திருக்கும், இணையம் இல்லாதபோதும் அங்கிருந்து எடுத்துக் காட்டக்கூடும். வேறு உலாவிக்கு அந்த நினைவு இருக்காது. இந்தச் சோதனையில் தேறிய பக்கம்தான் சேமிக்கப்பட்ட பக்கம்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் நீட்டிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அதை இயல்பாக மறைத்து வைக்கும். கோப்புச் சாளரத்தில் வியூ பட்டியலுக்குள் போய், கோப்பு நீட்டிப்புகளைக் காட்டும் தேர்வை இயக்கினால் தெரியும். எச்டிஎம்எல், எம்எச்டிஎம்எல், வெப்ஆர்க்கைவ், பிடிஎஃப் என எந்த வடிவம் என்பது தெரிந்தால் பாதிக் காரணம் தெரிந்த மாதிரி.

## எழுத்து மட்டும் இருக்கிறது, அமைப்பும் படங்களும் முழுதாக இல்லை

எழுத்துகள் வெள்ளைத் திரையில் இடப்பக்கமாக ஒட்டிக்கொண்டு, இணைப்புகள் நீல நிறத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையில் நிற்கும். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, சேமிக்கும்போது தேர்ந்த வடிவம். கன்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்தினால் வரும் சாளரத்தின் அடியில் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. அங்கே 'எச்டிஎம்எல் ஒன்லி' என்றிருந்தால் எலும்புக்கூடு மட்டும்தான் சேமிக்கப்படும். 'கம்ப்ளீட்' என்றிருந்தால் எச்டிஎம்எல் கோப்பும், அதே பெயரோடு 'ஃபைல்ஸ்' என்ற சொல் ஒட்டிய ஒரு கோப்புறையும் சேர்ந்து வரும். படங்களும் அமைப்பு விதிகளும் அந்தக் கோப்புறைக்குள் இருக்கும்.

இரண்டாவது, அந்தக் கோப்புறை பிரிந்துபோனது. அடிக்கடி நடப்பது இதுதான். எச்டிஎம்எல் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப்போவது, வாட்ஸ்அப்பில் கோப்பை மட்டும் அனுப்புவது, இடத்தை அடைக்கிறதே என்று கோப்புறையை அழித்துவிடுவது, அதன் பெயரை மாற்றிவிடுவது. எச்டிஎம்எல் கோப்புக்குள் அந்தக் கோப்புறையின் பெயர் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் உலாவியால் கண்டுபிடிக்க முடியாது.

கோப்புறை இன்னும் எங்காவது இருந்தால் அதைக் கோப்பின் பக்கத்திலேயே கொண்டுவந்து, பழைய பெயரையே திரும்ப வையுங்கள். பழைய பெயர் நினைவில்லையா? எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் திறந்து, படங்கள் இருக்கும் வரிகளைப் பாருங்கள். கோப்புறையின் பெயர் அங்கே திரும்பத் திரும்ப வரும். பெயரில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ இருந்தால் அது விழுக்காட்டுக் குறியும் எண்களுமாக மாற்றி எழுதப்பட்டிருக்கலாம், மிரள வேண்டாம். அந்த வரியை நகலெடுத்து ஏதாவது ஒரு குறிநீக்கக் (யுஆர்எல் டிகோட்) கருவியில் இட்டால் உண்மைப் பெயர் கிடைக்கும்.

கோப்புறை அழிந்தே போயிருந்தால் மீட்க வழியில்லை. மூலப் பக்கம் இன்னும் இருந்தால் மறுபடி சேமிக்க வேண்டியதுதான். இந்த முறை ஒற்றைக் கோப்பாகச் சேமியுங்கள். குரோமிலும் எட்ஜிலும் 'சிங்கிள் ஃபைல்' என்ற வடிவம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அது கிடையாது, அங்கே 'சிங்கிள்ஃபைல்' என்ற நீட்சியை (உலாவியோடு சேர்க்கும் துணைநிரல்) நிறுவிக்கொள்ளலாம். பெயர்கள் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு. முன்னது பக்கமும் படங்களும் ஒன்றாக அடங்கிய எம்எச்டிஎம்எல் கோப்பைத் தரும். பின்னது படங்களை எல்லாம் எழுத்துவடிவமாக மாற்றி எச்டிஎம்எல் கோப்புக்குள்ளேயே பொதிந்து தரும். அந்த மாற்றத்தால் படங்களின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். கோப்புறை காணாமல் போகும் கவலை தீர்வதால் அந்தக் கூடுதல் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

## மேல்பகுதிப் படங்கள் இருக்கின்றன, கீழே போகப்போகக் காணோம்

இது நீங்கள் செய்த தவறு அல்ல. பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, வாசகர் உருட்டி அருகே வரும்போதுதான் படத்தை இறக்கும்படி தளங்கள் அமைக்கப்படுகின்றன. 2019இல் குரோம் இந்த வசதியைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்ட பிறகு இது எங்கும் பரவிவிட்டது. நீங்கள் உருட்டாத பகுதியின் படங்கள் உங்கள் கணினிக்கு வரவே இல்லை. வராததை எப்படிச் சேமிப்பது?

சேமிக்கும் முன் பக்கத்தின் அடிவரை மெதுவாக உருட்டிப் போங்கள். எண்ட் விசையை அழுத்தி ஒரே தாவலில் அடிக்குப் போனால் நடுவிலுள்ள படங்கள் இறங்காமல் போகும். மங்கலாக இருக்கும் ஒவ்வொரு படமும் தெளிவாகும்வரை பொறுத்திருந்து பிறகு சேமியுங்கள். நீளமான பக்கமானால் உலாவியின் பெரிதாக்கும் அளவை 25 அல்லது 30 விழுக்காடாகக் குறைத்துவிட்டு உருட்டலாம். ஒரே திரையில் நிறையப் படங்கள் வந்துவிடுவதால் வேலை சீக்கிரம் முடியும். சேமிக்கும் முன் பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள்.

இதே பாடம் 'மேலும் படிக்க' பொத்தான்களுக்கும் மடிந்து கிடக்கும் பத்திகளுக்கும் பொருந்தும். எம்எச்டிஎம்எல் கோப்பில், பக்கத்தை இயங்கவைக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் இயங்காது. மேலே சொன்ன சிங்கிள்ஃபைல் நீட்சியும் அதை இயல்பாகவே நீக்கிவிடும். அதனால் மடிந்த பகுதிகளை, சேமித்த பிறகு பொத்தானை அழுத்தித் திறக்க முடியாது. முதலிலேயே எல்லாவற்றையும் விரித்துவைத்துச் சேமிக்க வேண்டும்.

காணொளிகளைப் பற்றி ஒரு சொல்: அவை துண்டு துண்டாக ஓடையாக வருபவை, பக்கத்தோடு சேர்ந்து சேமிக்கப்பட மாட்டா. நகரும் வரைபடங்களும் அப்படியே. தேவையான காட்சியைத் திரைப்பிடிப்பாக எடுத்துப் பக்கத்தின் அருகே வையுங்கள்.

## ஒரு கணம் தெரிகிறது, பிறகு வெறுமையாகிவிடுகிறது

'கம்ப்ளீட்' வடிவில் சேமித்த கோப்பில்தான் இது வரும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்த வடிவில், திரையில் அப்போது இருக்கும் பக்கத்தின் நிலையைச் சேமிக்கின்றன. கூடவே ஜாவாஸ்கிரிப்டுகளையும் சேமிக்கின்றன. கோப்பைத் திறக்கும்போது முதலில் சேமித்த உள்ளடக்கம் தெரிகிறது. அடுத்த நொடி ஸ்கிரிப்ட் விழித்துக்கொண்டு, தான் தளத்தில் இருப்பதாக நினைத்து வேலையை முதலிலிருந்து தொடங்குகிறது. முகவரியைப் பார்க்கிறது, அது கணினியின் கோப்புப் பாதையாக இருக்கிறது. அப்படி ஒரு பக்கம் தன்னிடம் இல்லையே என்று உள்ளடக்கத்தைத் துடைத்துவிட்டுப் பிழைச் செய்தியைப் போடுகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், உள்ளடக்கம் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. ஸ்கிரிப்டை ஓடவிடாமல் தடுத்தால் போதும். குரோமில் எஃப்12 விசையை அழுத்தி உருவாக்குநர் கருவிகளைத் திறங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு தேடல் பெட்டி வரும். அதில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினால் அதை முடக்கும் கட்டளை காட்டப்படும். தேர்ந்தெடுத்துவிட்டு, கருவிகளை மூடாமலே பக்கத்தைப் புதுப்பியுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அதே கருவிகளின் அமைப்புப் பகுதியில் ஜாவாஸ்கிரிப்டை முடக்கும் தேர்வு உண்டு. பக்கம் நிலையாகத் தெரிந்தவுடன் அதை ஒற்றைக் கோப்பாக மறுபடி சேமித்துவிட்டால் இனி அந்தத் தொல்லை இல்லை.

தொடக்கத்திலிருந்தே வெறுமையாக இருந்தால் கதை வேறு. 'எச்டிஎம்எல் ஒன்லி' என்று சேமித்தபோது, தளம் முதலில் அனுப்பிய வெற்றுக்கூடு மட்டும் வந்திருக்கிறது. உள்ளடக்கத்தைப் பிறகு ஸ்கிரிப்ட் கொண்டுவந்து நிரப்பியிருக்கிறது. அந்தக் கோப்பில் மீட்க ஒன்றுமில்லை.

இன்னொரு வகையும் உண்டு. நீங்கள் சேமித்தது கட்டுரைப் பக்கமாக இல்லாமல் ஒரு சிறு கருவியாகவோ விளையாட்டாகவோ இருந்து, அதற்கு ஸ்கிரிப்ட் ஓடியே ஆக வேண்டும் என்றால், கோப்பை நேரடியாகத் திறப்பதில் சிக்கல் வரும். பாதுகாப்புக்காக உலாவிகள் கணினியில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் தனித்தனித் தளமாக நடத்துகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் 2019இல் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து இப்படித்தான். ஒரு கோப்பு பக்கத்துக் கோப்பைப் படிக்கக்கூட அனுமதி இல்லை. கணினியில் பைத்தான் நிரல்மொழி இருந்தால், அதனுடன் வரும் சிறு வழங்கியை (சர்வர்) அந்தக் கோப்புறையிலிருந்து இயக்கி, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியின் 8000ஆம் வாயிலில் (போர்ட்) திறந்தால் பெரும்பாலும் வேலை செய்யும்.

## தமிழ் எழுத்துகள் சிதறித் தெரிகின்றன

இதில் மூன்று வகை இருக்கிறது. கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம்.

ஒவ்வொரு தமிழ் எழுத்தின் இடத்திலும் மேற்குறியிட்ட ஆங்கில எழுத்துகளும் வட்டமிட்ட ஆர் போன்ற வணிகக் குறியும் மாறி மாறி வருகின்றனவா? அது ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ்தான், உலாவி தவறான குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக வைக்கும் வேறொரு முறையில், படிக்கிறது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். உலாவி அவற்றை மூன்று தனி எழுத்துகளாகக் காட்டுகிறது. இந்தப் பக்கம் இந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்ற தகவலைத் தளம் பக்கத்தோடு அல்லாமல் ஹெடர் எனப்படும் முன்குறிப்பில் தனியே அனுப்பியிருக்கும். வெறும் எச்டிஎம்எல்லாகச் சேமிக்கும்போது பக்கம் வந்துவிட்டது, அந்தக் குறிப்பு வழியிலேயே நின்றுவிட்டது. இப்போதைய உலாவிகள் பெரும்பாலும் தாமே சரியாக ஊகித்துவிடும். ஊகம் தப்பும்போதுதான் இந்தச் சிதறல்.

சரிசெய்வது எளிது. ஃபயர்ஃபாக்ஸின் வியூ பட்டியலில் எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்யும் தேர்வு இருக்கிறது, அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நிரந்தரமாகத் தீர, கோப்பை விண்டோஸ் நோட்பேடில் திறங்கள். அங்கே தமிழ் சரியாகத் தெரிந்தால் 'சேவ் ஆஸ்' கொடுத்து, குறியாக்கம் என்ற இடத்தில் 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்பதைத் தேர்ந்து சேமியுங்கள். கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்று சேரும். எந்த உலாவியும் அதைப் பார்த்தவுடன் யூடிஎஃப்-8 என்று தெரிந்துகொள்ளும். நிரலில் கைவைக்கவே வேண்டாம்.

இரண்டாவது வகை: பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாக இருக்கின்றன, ஆனால் சொற்களுக்கு இடையே இடைவெளி ஒழுங்காக விழுகிறது. அல்லது எழுத்துகள் எல்லாமே மேற்குறியிட்டவையாக இருந்தும், யூடிஎஃப்-8 என்று மாற்றினாலும் தீரவில்லை. அப்படியானால் அது ஒருங்குறிக்கு முந்தைய பக்கம். பாமினி, திஸ்கி, டாம், டாப் என்று பல எழுத்துமுறைகள் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டாலும், வலைத்தளங்கள் அதற்கு மாறப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை தளங்கள் தத்தம் எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பின. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்த எழுத்துரு வடிவங்களும் அவற்றில் உண்டு. அந்த உலாவிக்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று பெரும்பாலான கணினிகளில் நின்றுவிட்டது.

இங்கே கோப்பு கெட்டுப்போகவில்லை என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். தமிழ் முழுவதும் உள்ளேதான் இருக்கிறது. எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் திறந்து, எழுத்துருவின் பெயர் ஏதாவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அந்தப் பெயர்தான் திறவுகோல். அது எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தது என்று தெரிந்தால், எழுத்துரு மாற்றிக் கருவி ஒன்றில் உரையை இட்டு ஒருங்குறியாக மாற்றிவிடலாம். பெயர் இல்லாவிட்டால் ஒரு வரியை மட்டும் நகலெடுத்து ஒவ்வொரு முறையாக முயன்று பாருங்கள், சரியானது வந்தவுடன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாற்றிய உரையைத் தனிக் கோப்பாக வையுங்கள், மூலக் கோப்பின் மேல் எழுதாதீர்கள். மாற்றும்போது சில கொம்புகளும் ஆங்கிலச் சொற்களும் தவறிப்போகும். ஒப்பிட்டுத் திருத்த மூலம் வேண்டும். இந்தப் பக்கங்களில் பல வேறெங்கும் கிடைக்காதவை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மூன்றாவது வகை சின்னது: உரை சரி, ஆனால் பொத்தான்கள் இருந்த இடத்தில் வெற்றுச் சதுரங்கள். சின்னங்களுக்கென்று இருக்கும் எழுத்துரு சேமிப்பில் விடுபட்டிருக்கிறது. படிக்கத் தடையில்லை, விட்டுவிடுங்கள்.

## பெயர் நீளமாக இருக்கிறது என்று நகலெடுக்க மறுக்கிறது

தமிழ்த் தலைப்புள்ள பக்கங்களைச் சேமிப்பவர்கள் அடிக்கடி சந்திப்பது இது. உலாவி பக்கத்தின் தலைப்பையே கோப்பின் பெயராக வைக்கும். விண்டோஸில் பெயருக்கு 255 குறிகள்வரை இடம் உண்டு. லினக்ஸ் கணினிகளின் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைகளிலோ கணக்கு வேறு, அங்கே எல்லை 255 பைட். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் என்றால் 85 குறிகளோடு முடிந்துவிடும். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள், 'கொ' என்பது இரண்டு, 'க்' என்பதும் இரண்டு. ஆக ஒரு நடுத்தர நீளத் தலைப்பே எல்லையைத் தொட்டுவிடும். விண்டோஸில் நன்றாக இருந்த கோப்பு வேறு இடத்துக்கு நகலெடுக்கும்போது நின்றுபோவது இதனால்தான்.

விண்டோஸிலும் ஒரு சிக்கல் உண்டு. கோப்புறைக்குள் கோப்புறையாகப் போகும் முழுப் பாதையின் நீளம் 260 குறிகளைத் தாண்டினால் பல நிரல்கள் திணறும். நீளமான தலைப்பு, அதே நீளத்தில் துணைக் கோப்புறை, அதற்குள் நீளமான படப்பெயர் என்று சேர்ந்தால் எளிதில் தாண்டிவிடும். தற்காலிகமாக அந்தக் கோப்புகளை வன்தட்டின் வேரிலேயே குட்டிப் பெயருள்ள ஒரு கோப்புறைக்கு நகர்த்தினால் திறக்கும்.

சேமித்த பிறகு துணைக் கோப்புறையின் பெயரைச் சுருக்கினால் பக்கத்தோடு அதன் தொடர்பு அறுந்துவிடும் என்று மேலே பார்த்தோம். எனவே சேமிக்கும் சாளரத்திலேயே சிறு பெயர் கொடுங்கள். நான் தேதியும் ஓரிரு சொல்லும் மட்டும் வைக்கிறேன். தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைச் சிப் கோப்பாகக் கட்டி அனுப்புவதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை, பழைய நிரல்கள் பிரிக்கும்போது பெயர்களைச் சிதைத்துவிடும், பக்கம் தன் படங்களை இழந்துவிடும்.

## பக்கத்துக்குப் பதில் குறிமுறை தெரிகிறது, அல்லது எதில் திறப்பது என்று கேட்கிறது

திரையில் சமக்குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக நெடுக ஓடினால், நீங்கள் எம்எச்டிஎம்எல் கோப்பை உரை நிரலில் திறந்திருக்கிறீர்கள். இந்த வடிவம் மின்னஞ்சல் கட்டமைப்பைத் தழுவியது, 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 இதைப் பரவலாக்கியது. அதற்குள் ஒரு தமிழ்க் குறியின் 3 பைட்டும் தனித்தனியே மும்மூன்று எழுத்துகளாக எழுதப்படுகின்றன, ஆக ஒரு குறிக்கு 9. மிரட்சியாக இருந்தாலும் கோப்பு நலமாகவே இருக்கிறது. குரோம் அல்லது எட்ஜில் திறங்கள். ஃபயர்ஃபாக்ஸில் திறக்காது. ஆண்ட்ராய்டு கைபேசியில் குரோம் இறக்கிவைக்கும் பக்கங்களும் இந்த வடிவம்தான். கோப்பு மேலாளர் வழியாகப் போகாமல் குரோமின் பதிவிறக்கப் பட்டியலிலிருந்தே திறந்தால் தொல்லை இருக்காது.

வெப்ஆர்க்கைவ் என்று முடிந்தால் அது ஆப்பிளின் சஃபாரி சேமித்தது. விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் திறக்காது. மேக்கோ ஐபோனோ உள்ள ஒருவரிடம் கொடுத்துத் திறக்கச்சொல்லி, பிடிஎஃப்பாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பழைய சேமிப்பில் எம்ஏஎஃப்எஃப் என்று முடியும் கோப்புகள் இருக்கிறதா? அவற்றை உருவாக்கிய நீட்சி, ஃபயர்ஃபாக்ஸின் 57ஆம் பதிப்பு 2017 நவம்பரில் வந்தபோது வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் அந்தக் கோப்பு உண்மையில் ஒரு சிப் கோப்பு. நீட்டிப்பைச் சிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே எச்டிஎம்எல் கோப்பும் படங்களும் முழுதாக இருக்கும்.

## நேற்றுவரை தெரிந்தது, இன்று இல்லை

கைபேசியில் தாவலைத் திறந்தே வைத்திருப்பதைச் சேமிப்பு என்று நினைத்துவிடுகிறோம். நினைவகம் போதாதபோது கைபேசி பழைய தாவல்களைக் கைவிட்டுவிடும். திரும்பப் போனால் பக்கத்தை இணையத்திலிருந்து மறுபடி கேட்கும். புத்தகக்குறியும் அப்படித்தான், அது முகவரி மட்டுமே. சஃபாரியின் வாசிப்புப் பட்டியலில் இட்டிருந்தால், இணையமின்றிப் படிக்கத் தானாகச் சேமிக்கும் தேர்வு சஃபாரி அமைப்புகளில் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு படிக்கலாம் என்று சேர்த்துவைக்கும் சேவைகளில் உங்கள் பட்டியல் அவர்கள் வழங்கியில் இருக்கிறது. மொசில்லாவின் பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. முக்கியமானவற்றின் கோப்பு உங்கள் கையில் ஒன்று இருக்கட்டும்.

இணையம் போய்விட்டது, ஆனால் தாவலில் பக்கம் இன்னும் தெரிகிறது என்ற நிலையில் இருக்கிறீர்களா? எதுவும் செய்யும் முன் இதைப் படியுங்கள். பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். கைபேசியில் மேலிருந்து கீழே இழுக்காதீர்கள், அதுவும் புதுப்பித்தல்தான். முன்னும் பின்னும் போகும் அம்புகளைத் தொடாதீர்கள், வேறு செயலிகளைத் திறக்காதீர்கள். கணினியில் குரோமானால் ஒற்றைக் கோப்பாகச் சேமியுங்கள், நினைவகத்தில் இருக்கும் பக்கத்தையே அது எழுதிவிடும். அதோடு அச்சிடும் வழியில் பிடிஎஃப் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் முதலில் திரைப்பிடிப்புகளை எடுத்துவிடுங்கள். பிறகு உரை முழுவதையும் தேர்ந்து குறிப்புச் செயலியில் ஒட்டுங்கள். அழகாக இராது, ஆனால் சொற்கள் தப்பிவிடும்.

## திறந்தால் உள்நுழையச் சொல்கிறது

தளங்களை மொத்தமாக இறக்கும் எச்டிடிராக், டபிள்யூகெட் போன்ற கருவிகளுக்கு நீங்கள் உள்நுழைந்திருப்பது தெரியாது. அவை அந்நியராகப் போய்க் கதவைத் தட்டுகின்றன, தளம் உள்நுழைவுப் பக்கத்தைத் தருகிறது, அதையே சேமித்துவிடுகின்றன. அப்படிப்பட்ட பக்கங்களை உலாவியிலிருந்தே ஒற்றைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும்.

அப்படிச் சேமித்ததை யாருக்கும் அனுப்பும் முன் யோசியுங்கள். உங்கள் பெயர், மின்னஞ்சல், கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறியீடுகள் எல்லாம் கோப்புக்குள் இருக்கக்கூடும். பகிர வேண்டியதைப் பிடிஎஃப்பாக எடுத்து, தனிப்பட்ட விவரம் எங்காவது தெரிகிறதா என்று முழுதும் பார்த்துவிட்டு அனுப்புவது மேல்.

## பிடிஎஃப்பில் வரிகள் மறைகின்றன, தேடினால் சொல் கிடைக்கவில்லை

தளத்தின் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் பட்டை ஒவ்வொரு தாளிலும் வந்து இரண்டு மூன்று வரிகளை மறைத்துவிடும். உலாவியின் வாசிப்புப் பார்வைக்கு மாறிவிட்டு அச்சிட்டால் பட்டையும் விளம்பரங்களும் போய்விடும். வண்ணப் பின்னணி தேவைப்பட்டால் அச்சிடும் சாளரத்தில் பின்னணி வரைகலைத் தேர்வைக் குறியிடுங்கள்.

தேடலில் வரும் சிக்கல் தமிழ் போன்ற எழுத்துகளுக்கு உரியது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வரையப்படுகின்றன, ஆனால் ஒருங்குறியில் எழுத்துக்குப் பின்னால் வருகின்றன. பிடிஎஃப் வரைந்த வரிசையை நினைவில் வைத்தால், தேடும் சொல்லோடு அது பொருந்தாது. நகலெடுத்து ஒட்டினாலும் கொம்பு இடம் மாறி நிற்கும். பின்னாளில் சொல் தேடிப் பயன்படுத்த வேண்டிய பக்கம் என்றால் எச்டிஎம்எல் வடிவையும் சேர்த்து வையுங்கள். மேற்கோள் எடுப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

## கோப்பு கெட்டது, மூலப் பக்கமும் எங்கே என்று தெரியவில்லை

முகவரி கோப்புக்குள்ளேயே இருக்கக்கூடும். குரோமில் 'கம்ப்ளீட்' வடிவில் சேமித்ததை நோட்பேடில் திறந்தால், தொடக்க வரிகளிலேயே எங்கிருந்து சேமிக்கப்பட்டது என்ற குறிப்பும் முகவரியும் இருக்கும். அதற்குமுன் அடைப்புக்குள் வரும் எண் முகவரியின் நீளம், அதைச் சேர்க்காமல் நகலெடுங்கள். எம்எச்டிஎம்எல் கோப்பிலும் தலைப்பகுதியில் மூல முகவரி இருக்கும், சேமித்த தேதியும் கூடவே இருக்கும்.

அந்த முகவரியை உலாவியில் இட்டுப் பாருங்கள். பக்கம் இல்லை என்று வந்தால், பழைய வலைப்பக்கங்களின் நகல்களைக் காத்துவைக்கும் வேபேக் மெஷினுக்குப் போங்கள். 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் 2001இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. முகவரியை அங்கே இட்டால், நகலெடுத்த நாள்கள் நாள்காட்டியில் வட்டமிட்டுக் காட்டப்படும். ஒரு நாளில் படம் விடுபட்டிருந்தாலும் இன்னொரு நாளின் நகலில் இருக்கலாம், ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். என் இலக்கணப் பாடங்களின் விளக்கப் படங்களில் பாதிக்குமேல் அப்படி வெவ்வேறு நாள்களின் நகல்களிலிருந்துதான் திரும்பக் கிடைத்தன.

கிடைத்த நகலைச் சேமிக்கும்போது வேபேக் மெஷினின் மேல்பட்டையும் சேர்ந்து வரும். அது வேண்டாமென்றால், முகவரியின் நடுவே இருக்கும் 14 இலக்க எண்ணைக் கண்டுபிடியுங்கள், அது நகலெடுத்த ஆண்டு, மாதம், நாள், நேரம். அந்த எண்ணை ஒட்டியே ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஐ, டி இரண்டையும், அதன்பின் ஓர் அடிக்கோட்டையும் தட்டி எண்டர் அழுத்தினால், தளம் அன்று அனுப்பிய வடிவம் அப்படியே வரும். அதைச் சேமித்துவிட்டு, வைஃபையை அணைத்து, வேறொரு உலாவியில் திறந்து பாருங்கள்.